மரை போன துளை: ஹெலிகாயில் ஒட்டுவேலைதானா?

வீட்டு ஷெட்டில் சொந்தமாகக் கார் வேலை பார்ப்பவர்களைப் பெரிய பழுதுகளைவிட அதிகம் கலங்கடிப்பது ஒரு சின்ன போல்ட்டின் மரை போவதுதான். என்ஜினைப் பிரித்த வேலை முழுக்க ஒழுங்காக நடந்திருக்கும். கடைசியில் டேப்பெட் கவரை மூடும்போது ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று கனத்துக்கொண்டே வந்து, சட்டென்று கனம் விட்டு, வெறுமனே சுற்றும். வெளியே எடுத்துப் பார்த்தால் துளையின் மரை வெள்ளிச் சுருளாக உருவிக்கொண்டு போல்ட்டோடு வந்திருக்கும். அதன்பின் யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஒரு சைஸ் பெரிய போல்ட்டுக்கு டேப் அடி என்பார் ஒருவர், எம்-சீல் வைத்து இறுக்கு என்பார் இன்னொருவர், வம்பே வேண்டாம், அந்தப் பாகத்தையே மாற்று என்பார் மூன்றாமவர். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எஃகுக் கம்பிச் சுருளைச் செருகி, பழைய அளவிலேயே மரையை மீட்கும் ஹெலிகாயில் முறை கடைசியாகத்தான் பேச்சில் வரும். அதுவும் வேறு வழியில்லாத ஒட்டுவேலை என்ற தொனியில். உண்மை நிலை இதற்கு நேர் எதிர். அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தில் முறையாகப் போட்ட எஃகு மரை, தொழிற்சாலை வெட்டிக் கொடுத்த மரையைவிடத் தாங்கும். அது தோற்கும் இடங்களில் பெரும்பாலும் குற்றம் சுருளுடையதல்ல, துளை போட்ட விதத்துடையது. அல்லது முதல் மரை ஏன் போனது என்று யாரும் கேட்காமல் விட்டதுடையது.

மரை ஏன் போகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இறுக்கிய போல்ட் உண்மையில் இழுபட்டு நிற்கும் ஒரு ஸ்பிரிங். 8.8 தரத்து எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால், அது சுமார் 16,000 நியூட்டன் விசையோடு இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. ஏறத்தாழ 1,600 கிலோ எடைக்குச் சமமான இந்த விசையைத் தாங்குவது துளைக்குள் இருக்கும் சில மரைச் சுற்றுகள். அந்தச் சுற்றுகளும் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. முதலில் பிடிக்கும் ஒரே சுற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. உள்ளே போகப் போகப் பங்கு குறைகிறது. எஃகில் எஃகு போல்ட் என்றால் போல்ட்டின் விட்டமளவு ஆழம் மரை பிடித்தாலே போதும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். போல்ட்டும் நட்டும் சேர்ந்த இணைப்பை வடிவமைப்பவர்கள், மிஞ்சி இறுக்கினால் மரை உருவுவதற்கு முன் போல்ட் உடைய வேண்டும் என்றே கணக்குப் போடுவார்கள். உடைந்த போல்ட் கண்ணில் படும்; பாதி உருவிய மரை வெளியே தெரியாமல் பிடித்திருப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும். ஆழம் குறைந்த அலுமினியத் துளையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. போல்ட் பிழைத்துக்கொள்ளும், துளை போய்விடும்.

இதோடு கை ஏமாற்றுவதும் சேர்ந்துகொள்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் நடக்கும் உராய்வுக்கும், நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வுக்கும் போகிறது. போல்ட்டை இழுத்து நிறுத்தும் வேலைக்கு மிஞ்சுவது பத்து சதவீதம்தான். எனவே ஸ்பேனரில் கை உணர்வது பெரும்பாலும் உராய்வையே. காய்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். கையில் வித்தியாசமே தெரியாது. அனுபவமுள்ள மெக்கானிக்குக் கையே டார்க் ரென்ச் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. தினமும் ஒரே வகை வண்டியை, ஒரே நீள ஸ்பேனரால் பிடிக்கும் கைக்கு அந்தப் பழக்கம் வரும். வருடத்துக்கு ஒருமுறை ஷெட்டைத் திறப்பவருக்கு வராது. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டியது 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டால் அவ்வளவு வந்துவிடும். அரை அங்குல ராட்செட்டை எடுத்துக்கொண்டு அந்தப் போல்ட்டிடம் போவதே வம்புக்குப் போவதுதான்.

அதிக முறுக்கு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. வாட்டர் பம்ப், டைமிங் கவர் போன்றவற்றில் பல நீளங்களில் போல்ட் இருக்கும். இடம் மாறி நீளமானது குட்டைத் துளைக்குள் போனால், அடியில் முட்டி நின்று மரையை மேலே தூக்கிப் பிடுங்கும். குட்டையானது நீளத் துளைக்குப் போனால் இரண்டு மூன்று சுற்றில் தொங்கிக்கொண்டு, சொன்ன முறுக்கிலேயே உருவிவிடும். கழற்றும்போதே அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைப்பது இதற்காகத்தான். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் இறங்கும் போல்ட் அதை அழுத்தி வார்ப்பையே விரியச் செய்யலாம். மரை போவதில் அதிகம் அடிபடுவது ஆயில் சம்ப்பின் டிரெயின் போல்ட். அதன் கதை பெரும்பாலும் ஒரு வாஷரில் தொடங்குகிறது. செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி அடைப்பதற்கென்றே செய்தது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் சொட்டும். சொட்டுவதை நிறுத்த அடுத்தவர் இன்னும் கொஞ்சம் இறுக்குவார், அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம். நான்கைந்து ஆயில் மாற்றலுக்குப் பிறகு மரை போகும்போது யார் கையில் ஸ்பேனர் இருக்கிறதோ அவர்மேல் பழி விழும். அந்தச் சம்ப்புக்கு ஹெலிகாயில் போட்டுவிட்டுப் பழைய வாஷரையே மாட்டினால் கதை மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இன்னொரு காரணம் தவறான மரை. எம்10 என்று சொன்னால் போதாது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி எவ்வளவு என்று கேட்க வேண்டும். பொதுவான எம்10 போல்ட்டின் இடைவெளி 1.5 மி.மீ.; மாருதி சுசுகி உள்ளிட்ட ஜப்பானிய வடிவமைப்புகளில் 1.25 மி.மீ. சகஜம். ஒன்றை மற்றொன்றின் துளையில் போட்டால் ஓரிரு சுற்று ஒழுங்காக ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று நினைத்து அழுத்துபவர் புது மரையை வெட்டிக்கொண்டு போகிறார். பழைய அம்பாசிடரை மீட்டெடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதன் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைப்பு, அங்குல மரைகள். போர்க்காலத்தில் ஒரு நாட்டு போல்ட் இன்னொரு நாட்டு நட்டில் ஏறாமல் திண்டாடியபின், பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948இல் ஒப்புக்கொண்ட பொது அங்குல மரை அது. அதன் 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ.; எட்டு மில்லிமீட்டர் போல்ட்டோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பல கைகள் மாறிய வண்டியில் எந்தத் துளையில் என்ன ஏறியிருக்கிறது என்பதை மரை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

மரை போய்விட்டது என்று தீர்ப்பெழுதும் முன் உண்மையிலேயே போனதா என்று பார்ப்பது அவசியம். கோணலாக ஏற்றியதில் முதல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் மடங்கியிருந்தால் உள்ளே நல்ல மரை மிச்சமிருக்கும். இந்த நிலையில் வெட்டும் டேப்பை உள்ளே விடுவது பலர் செய்யும் தவறு. டேப்பின் வேலை உலோகத்தைச் சீவி எடுப்பது. ஏற்கெனவே மெலிந்த மரையை அது இன்னும் மெலிய வைக்கும். வேண்டியது, மடங்கியதை நிமிர்த்தும் கருவி. அதே அளவுள்ள நல்ல போல்ட் ஒன்றின் நீளவாக்கில் ஹாக்சா பிளேடால் மூன்று நான்கு கோடு இழுத்து, பிசிறைத் தேய்த்துவிட்டால் அந்தக் கருவி தயார். எண்ணெய் விட்டுக் கையால் மெதுவாக ஏற்றி இறக்கினால் அழுக்கும் பிசிறும் கோடுகளில் சேர்ந்து வெளியே வரும். துளையின் மறுபக்கம் திறந்திருந்து, கை போக இடமும் இருந்தால் இன்னும் சுலபம்: நீளமான போல்ட் போட்டு, பின்னால் நட் கட்டிவிடலாம். சக்கரத்தின் ஸ்டட் மரை போனால் சரிசெய்ய நினைக்கவே வேண்டாம். ஸ்டட்டையும் நட்டையும் மாற்றுவது மலிவு.

உண்மையிலேயே உருவிப்போன துளைக்கு முதலில் வரும் யோசனை ஒரு சைஸ் பெரிய போல்ட். பல பட்டறைகளில் இதுவே வழக்கம். அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. டேப் ஒன்று போதும், அரைமணி வேலை. எட்டு மில்லிமீட்டர் ஹெலிகாயிலுக்கு வெட்டும் துளையின் வெளி விட்டமும் 9.6 மி.மீ. ஆகிவிடும்; எம்10 டேப் அடித்தால் பத்து. சுவரில் குறையும் உலோகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க ஹெலிகாயிலுக்கு எதற்குத் தனிச் செலவு என்ற கேள்வி நியாயமானதே. பதில் துளையில் இல்லை, அதன் எதிரே இருக்கிறது. போல்ட் பெருத்தால் அது நுழைந்து வரும் கவரின் துளையையும் பெரிதாக்க வேண்டும், கேஸ்கெட்டின் துளையையும் வெட்ட வேண்டும். போல்ட் தலை பெருத்து, பக்கச் சுவரில் இடித்து, ரிங் ஸ்பேனர் இறங்காது. பத்துப் போல்ட்டில் ஒன்று மட்டும் வேறு முறுக்கு கேட்கும். அடுத்து அந்த வண்டியைத் தொடுபவருக்கு அது தெரியாது. அந்த மரையும் மறுபடி வெறும் அலுமினியம்தான் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் துளையைத் தின்ற அதே பலவீனம் இரண்டாவதிலும் அப்படியே இருக்கிறது. தனியாக நிற்கும் பிராக்கெட், சுற்றிலும் தடித்த வார்ப்பு, எதிரே பெரிதாக்க இடம் என்ற மூன்றும் அமைந்தால் பெரிய போல்ட் போடலாம்; குறையில்லை. மற்ற இடங்களில் அது கடனைத் தள்ளிப்போடுவது.

சுருளின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் ஒட்டுவேலை என்ற பேச்சு நிற்காது. அந்தக் கம்பியின் குறுக்குவெட்டு வைர வடிவம். வெளிப்பக்கம் அலுமினியத்தில் வெட்டிய பெரிய மரையில் உட்காரும், உள்பக்கம் போல்ட்டுக்கு மரையாகும். அலுமினியத்தைப் பிடுங்க வேண்டுமானால் இப்போது 8 மி.மீ. வட்டத்தில் அல்ல, 9.6 மி.மீ. வட்டத்தில் பிடுங்க வேண்டும்; அறுபடும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. சுருள் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முதல் சுற்றில் குவிந்த பாரமும் அடுத்த சுற்றுகளுக்குப் பரவுகிறது. போல்ட் உரசுவது வழவழப்பான, துருப்பிடிக்காத எஃகில் என்பதால் பலமுறை கழற்றி மாட்டினாலும் மரை தேய்வதில்லை. விமானப் பாகங்களின் அலுமினிய வார்ப்புகளில் புதிதாகச் செய்யும்போதே இத்தகைய சுருளைப் போடுவது வழக்கம்.

கார் உலகிலும் சாட்சிகள் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் என்ஜின் கூடு மெக்னீசியக் கலவை. அதில் நேரடியாக ஏற்றிய 10 மி.மீ. ஸ்டட்கள் நாளாவட்டத்தில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. சூடேறும்போது தலையும் சிலிண்டரும் எஃகு ஸ்டட்டைவிட அதிகம் விரிந்து அதை இழுப்பதுதான் காரணம். பிற்காலத்தில் அந்நிறுவனம் ஸ்டட்டை 8 மி.மீ.க்கு மெலிதாக்கியது; மெலிந்தது இழுத்தால் நீண்டு கொடுக்கும். கூடவே, கூட்டின் துளைகளில் எஃகுச் செருகியைத் தொழிற்சாலையிலேயே போடத் தொடங்கியது. 1993 முதல் காடிலாக் கார்களில் வந்த நார்த்ஸ்டார் வி8 என்ஜினில் ஹெட் போல்ட்கள் அலுமினிய பிளாக்கிலிருந்து மரையோடு கிளம்பின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பட்டறைகளுக்குக் கொடுத்த தீர்வு துளைக்குள் எஃகு புஷ். பின்னாளில் மரையையே இடைவெளி கூடிய பெருமரையாக மாற்றியது. ஃபோர்டின் ட்ரைட்டன் வி8இல், பழைய இரு வால்வு ஹெட்களின் பிளக் துளையில் நான்கு சுற்று அளவுக்கே மரை இருந்ததால், ஓடும்போதே ஸ்பார்க் பிளக் தெறித்து வெளியே வந்த வழக்குகள் பிரபலம். அங்கும் கடைசியில் துளைக்குள் போடும் செருகியைத்தான் நிறுவனம் ஏற்றது. வடிவமைத்தவர்களே திருத்தத்துக்கு எடுத்துக்கொண்ட வழியைத் தற்காலிக வேலை என்று சொல்ல நியாயம் இல்லை.

எதிர்ப்புகள் இல்லாமல் இல்லை. போல்ட்டைக் கழற்றும்போது சுருளும் சேர்ந்து வந்துவிடும் என்பது அடிக்கடி கேட்கும் குறை. அது நடப்பதுண்டு. போடுவதற்கு முன் சுருள் துளையைவிடச் சற்றுப் பெரியது. சுருக்கி உள்ளே ஏற்றியபின் விரிய முயல்வதால்தான் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. துளை கோணி அகன்றிருந்தாலோ, அளவு தெரியாத ட்ரில்லால் போட்டிருந்தாலோ அந்தப் பிடி இருக்காது. துருப்பிடித்த போல்ட்டை மறுபடி மாட்டினாலும் அது சுருளைக் கவ்விக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகு அலுமினியத்தை அரிக்குமே என்பது இரண்டாவது குறை. இதில் உண்மை இருக்கிறது. உப்புக் காற்றடிக்கும் கடலோர ஊர்களிலும் கூலன்ட் தொடும் தெர்மோஸ்டாட் கூடு போன்ற இடங்களிலும், ஈரம் புகாமல் மரை சீலன்ட் தடவியே சுருளை இறக்க வேண்டும். அடிக்கடி கழற்றும் டிரெயின் போல்ட், வெப்பமும் அழுத்தமும் சேர்ந்த பிளக் துளை ஆகியவற்றுக்குச் சுருளைவிட, கழுத்து வைத்த கெட்டியான எஃகு புஷ் மேல் என்பது என் முடிவு. அது பிளக்கின் வெப்பத்தை ஹெட்டுக்கு நன்றாகக் கடத்தும், போல்ட்டோடு திரும்பி வராது. ட்ரில், டேப், கருவி சேர்ந்த செட் வாங்கக் கட்டுப்படியாகாதென்றால், கழற்றிய பாகத்தை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புஷ் கடைந்து போட்டு வாங்கலாம்; நம் ஊர்களில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை.

வீட்டில் போடுவதென்றால் கவனம் முழுக்கத் துளையில் இருக்க வேண்டும். எம்8 சுருளுக்கு 8.3 மி.மீ. ட்ரில், செட்டில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறதோ அதுவே இறுதி. அந்தச் செட்டின் டேப்பிலும் 8 x 1.25 என்றுதான் பொறித்திருக்கும், ஆனால் அது சாதாரண எம்8 டேப் அல்ல, அதைவிடப் பெரியது. கை ட்ரில்லைத் தூக்கிப் பிடித்துக் கண்ணளவில் போட்ட துளை செங்குத்தாக வருவது அபூர்வம். பாகத்தைக் கழற்ற முடிந்தால் பெஞ்ச் ட்ரில்லில் போடுவதும், முடியாவிட்டால் நேர்துளை போட்ட எஃகுக் கட்டையை வழிகாட்டியாக வைப்பதும் நல்லது. அலுமினியம் டேப்பில் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்ட வேண்டும். தூள் முழுக்க வெளியேறியபின் சுருளைக் கருவியில் மாட்டி, கீழே அழுத்தாமல் சுற்றி மட்டும் இறக்க வேண்டும்; அழுத்தினால் ஒரு மரை தாண்டி ஏறிவிடும். மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நின்றால் போதும். பிறகு அடியில் குறுக்கே நிற்கும் வால் துண்டைப் பஞ்ச் வைத்து ஒரே தட்டில் ஒடித்து எடுக்க வேண்டும். இந்தத் துண்டைப் பிடிக்கக் காந்தத்தை நம்ப முடியாது. துருப்பிடிக்காத எஃகில் அது சரியாகப் பிடிக்காது.

பிளக் துளையில் இதே வேலை இன்னும் பதற்றமானது. ஹெட்டைக் கழற்றாமல் செய்தால் தூள் சிலிண்டருக்குள்தான் விழும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கொஞ்சம் வெட்டியதும் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி அப்பி வெட்டினால் பெரும்பகுதி கிரீஸோடு வந்துவிடும்; மிச்சத்தை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். புதிய மரையும் போகாமல் இருக்க, பிளக்கை ஆறிய என்ஜினில் மட்டும் கழற்றி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்ற வேண்டும். வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும்.

பசைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எம்-சீல், அரால்டைட் போன்றவை பாரமில்லாத மூடிகளுக்குச் சரி. சூடான எண்ணெய் படும் இடத்தில், ஆயிரம் கிலோவுக்கு மேல் இழுக்கும் போல்ட்டைப் பிடிக்கச் சொல்வது அநியாயம். துளையை வெல்டால் அடைத்துப் புதிதாக டேப் அடிப்பது சுவர் உடைந்த வார்ப்புக்கு நல்ல வழி. ஆனால் வெல்ட் சூடு அலுமினியத்தின் கடினத்தைக் குறைத்து, மட்டமாக உட்கார வேண்டிய பரப்பையும் வளைக்கும் என்பதால், அதன்பின் மெஷினில் மட்டம் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஹெட் போல்ட் துளைகள் எஃகுச் செருகியை நன்றாகவே ஏற்கும், நார்த்ஸ்டாரே சாட்சி. ஆனால் அங்கே துளையின் செங்குத்து பிசகக் கூடாது. அதற்கென்று செய்த வழிகாட்டித் தட்டு இல்லாமல் ஷெட்டில் முயல வேண்டாம், மெஷின் ஷாப்புக்குக் கொடுத்துவிடுங்கள். பிரேக் காலிப்பரையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் தாங்கும் நக்கிள் வேறு ரகம். அங்கே மரை விட்டால் என்ன நடக்கும் என்பதை ஓடும் வண்டியில்தான் தெரிந்துகொள்ள நேரும். அந்தத் துளைகளுக்குச் சுருளும் வேண்டாம், பெரிய போல்ட்டும் வேண்டாம், பாகத்தையே மாற்றுங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்குவதானால், உங்கள் போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், அந்தப் பாகத்தின் துளையில் விரலாலேயே அடிவரை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.